தோள் வேண்டாம், இருக்கை வேண்டும்

2024 அக்டோபர் 11 மாலை, திருச்சி மக்கள் தெருவிலும் மொட்டை மாடியிலும் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பயணிகள். எரிபொருளைத் தீர்ப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நகரைச் சுற்றி வட்டமடித்துவிட்டுப் பத்திரமாகத் தரையிறங்கியது. விமானிகளைத் தமிழ்நாடே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான்.

திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிற விமானங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். கட்டிட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் கடன் வாங்கிப் போகிற நம் அண்ணன்களும் அக்காக்களும் அதில் நிறையப் பேர். விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர்களில், கழிவறை கழுவுகிறவர்களில், ராத்திரி முழுக்கத் தரை துடைக்கிறவர்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள். முன்னால் இருக்கிற அந்த இரண்டு இருக்கைகளில் நம்மவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. கேட்காமல் இருப்பதையே இயல்பு என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம், மையத்தில் இருக்கிற விமான சிமுலேட்டர். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு பழைய கணினியை வாங்கி, கிராபிக்ஸ் கார்டு போட்டு, ஒரு ஜாய்ஸ்டிக்கும் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் அதில் ஓடுகிறது. அண்மையில் அதற்கு ஒரு புதிய ஆட்-ஆன் விமானம் வாங்கினோம். ஏ2ஏ நிறுவனம் வடிவமைத்த பைப்பர் கமான்ச்சி 250.

வாங்கியதும் கேள்வி வந்தது. "இதெல்லாம் வசதி உள்ளவங்க விளையாட்டு. அந்தக் காசுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கலாமே தம்பி" என்றார் நாம் மதிக்கிற ஒரு மூத்த தோழர். அவர் அக்கறையில்தான் கேட்டார். அதே கேள்வி உங்கள் ஊரிலும் வரும். எனவே பதிலை விரிவாகவே சொல்கிறோம்.

எங்கள் பதில் இது. விமான சிமுலேட்டர் விளையாட்டாகவும் இருக்கலாம், வகுப்பறையாகவும் இருக்கலாம். சாதி நம்மிடமிருந்து பிடுங்கிவைத்த சில பாடங்களை அது கற்றுத்தருகிறது. ஆனால் சிமுலேட்டரோடு நின்றுவிட்டால் அது வெறும் ஆறுதல் பரிசு. உண்மையான இருக்கையைக் கேட்பதற்கான தொடக்கமாக அதைப் பயன்படுத்த வேண்டும்.

கையும் மூளையும்

கமான்ச்சி ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை கொண்ட சிறிய விமானம். முதலில் பறந்தது 1956-இல். 250 குதிரைத் திறன் கொண்ட லைகமிங் எஞ்சின். 1972-இல் அமெரிக்காவின் லாக் ஹேவன் ஊரில் இருந்த தொழிற்சாலை வெள்ளத்தில் மூழ்கியதோடு உற்பத்தியே நின்றுபோனது. இவ்வளவு பழைய விமானத்தை ஏன் எடுத்தோம்? பெரிய ஜெட் விமானங்களில் பல வேலைகளைக் கணினி பார்த்துக்கொள்ளும். இதில் எல்லாவற்றையும் நாமேதான் பார்க்க வேண்டும்.

ஏறி உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் பறந்துவிட முடியாது. முதலில் விமானத்தைச் சுற்றி நடந்துவர வேண்டும். கட்டியிருக்கிற கயிறுகளை அவிழ்க்க வேண்டும். எண்ணெய்க் குச்சியை உருவி அளவு பார்க்க வேண்டும். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறக்கையின் ஓரங்களையும் டயரையும் பார்க்க வேண்டும். அப்புறம்தான் உள்ளே. எஞ்சினைக் கிளப்பிய பிறகும் இரண்டு மேக்னட்டோவையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டுத்தான் ஓடுபாதைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்-ஆன் நாம் செய்ததை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒருவர் எஞ்சினை முரட்டுத்தனமாக ஓட்டினால் அந்தத் தேய்மானம் அப்படியே நிற்கும். அடுத்து உட்காருகிறவருக்கு அந்த எஞ்சின்தான் கிடைக்கும். சேதத்தைப் பட்டறைப் பக்கத்தில் போய்ப் பார்த்துச் சரிசெய்தால்தான் உண்டு. மையத்தில் இருபது பிள்ளைகள் ஒரே விமானத்தை ஓட்டுகிறார்கள். இப்போது ஒரு பதிவேடு வைத்து, யார் ஓட்டினார்கள், எஞ்சின் எப்படி இருந்தது என்று அவர்களே எழுதுகிறார்கள். பொதுச் சொத்து என்றால் என்ன என்று நாங்கள் தனியாக வகுப்பு எடுக்கவில்லை.

சாதி வெறும் வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்கும் முறை என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் சாதி ஒழிப்பு நூலில் சொன்னார். யோசிப்பவன் ஒருவன், எண்ணெய்க் கறை படிகிறவன் வேறொருவன். யோசிப்பவனுக்கு மரியாதை, கறை படிந்தவனுக்குத் தீட்டு. இந்த நாட்டில் எந்த வேலையிலும் இந்தக் கோட்டைப் பார்க்கலாம். சிறிய விமானத்தின் பக்கத்தில் அந்தக் கோடு நிற்காது. எண்ணெய்க் குச்சியைத் துடைத்துப் பார்க்காத விமானி நல்ல விமானி இல்லை. கையில் அழுக்குப் படுவது அங்கே தகுதியின் அடையாளம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புரிய அதிக நேரம் ஆவதில்லை. மெக்கானிக் கடையில் அப்பாவோடு நின்றவன், பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவள், கார்புரேட்டர் என்றதும் பயப்படுவதில்லை. பள்ளிக்கூடம் அவர்களிடம் மதிப்பெண் கேட்டபோது வெளிப்படாத அறிவு, இந்த எஞ்சின் முன்னால் வெளிப்படுகிறது. ஹைட்ராலிக் என்றால் என்ன என்று அந்த அக்டோபரில் கேட்டார்களே, அதற்கும் பதில் இங்கே கிடைத்தது. கமான்ச்சியில் சக்கரத்தை இறக்குவது மின்மோட்டார். அது நின்றுபோனால் மோட்டாரைக் கழற்றிவிட்டு நெம்புகோலைப் பிடித்துக் கையாலேயே இறக்கலாம். "அப்ப பெரிய பிளேன்ல என்னக்கா செய்வாங்க?" என்று ஒரு எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள். அன்று முழுக்க அதே பேச்சு. இயற்பியல் அன்று பாடப் புத்தகத்தை விட்டு வெளியே வந்தது.

மூன்று நிமிட தூரம்

திருச்சி விமான நிலைய ஓடுபாதையில் மேற்கு நோக்கிக் கிளம்பி வலப்பக்கம் திரும்பினால், கீழே பொன்மலை ரயில்வே பணிமனை. கொஞ்ச நேரத்தில் மலைக்கோட்டை. அடுத்து காவிரி. அதைத் தாண்டினால் ஸ்ரீரங்கம், அதற்கும் அந்தப் பக்கம் கொள்ளிடம். ஓடுபாதையிலிருந்து ஸ்ரீரங்கம் நேர்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர். கமான்ச்சியில் மூன்று நிமிடம்.

மேலிருந்து பார்க்கும்போது அந்தத் தீவு நன்றாகப் புரிகிறது. செவ்வகத்துக்குள் செவ்வகமாக ஏழு மதில் சுற்று. 156 ஏக்கர். 1987-இல் கட்டி முடித்த 236 அடி இராஜகோபுரத்தைக் கீழே நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் போகிறபோது அந்த உயரம் உங்கள் காலுக்குக் கீழே. பிரமாண்டம் நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இதே ஊரைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார், தன் கால் பட்டால் தீட்டு என்று சொல்லப்பட்டதால் ஸ்ரீரங்கத் தீவில் அடியெடுத்து வைக்காமல் காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் என்ற அர்ச்சகர், வழிவிடவில்லை என்று அவர்மீது கல்லெறிந்தார். நெற்றியில் ரத்தம். பிறகு அரங்கன் கனவில் வந்து ஆணையிட, அதே லோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்துகொண்டு கோயிலுக்குள் போனார். உள்ளே போன பாணர் இறைவனோடு கலந்துவிட்டார் என்று கதை முடிகிறது.

இதைச் சமத்துவக் கதையாகச் சொல்லி மேடையில் கைதட்டல் வாங்குகிறவர்கள் உண்டு. நாம் வேறு மாதிரி வாசிக்க வேண்டும். உறையூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் இருந்தது ஓர் ஆறுதான். அந்த ஆற்றை அவர் தன் சொந்தக் காலால் கடக்கக் கதை அனுமதிக்கவில்லை. இன்னொருவர் தோள் தேவைப்பட்டது. உள்ளே போனவர் திரும்பி வரவும் இல்லை. அவருடைய சனம் கரையிலேயே நின்றது. சென்னை மாகாணத்தில் நாம் கோயிலுக்குள் நுழைய 1947-இல் தனியே ஒரு சட்டமே தேவைப்பட்டது. ஒருவருக்குத் தோள் கிடைத்தால் எல்லோருக்கும் வழி கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஸ்ரீரங்கத்தைத் தாண்டி முக்கொம்பு பக்கமோ கல்லணைப் பக்கமோ போனால் இன்னொரு படம் விரியும். ஊரின் நடுவில் கோயில், குளம், அகலமான தெரு. வயலைத் தாண்டி, வாய்க்கால் ஓரத்தில், சுடுகாட்டுப் பாதைக்குப் பக்கத்தில் நெருக்கியடித்த கூரைகள். இந்தக் காலத்தில் சாதியெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இந்தச் செயற்கைக்கோள் படத்தைக் காட்டுங்கள். கிராமத்தின் வரைபடமே சாதியின் வரைபடம்.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. யாரும் தனியாக வடிவமைக்காத ஊர்களில் வீடுகளைக் கணினி ஊகித்துத்தான் நிரப்புகிறது. எக்ஸ்-பிளேன் போன்ற சிமுலேட்டர்கள் சாலைகளுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்துக்கொள்கின்றன. அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஒரு பைசா செலவில்லை. உங்கள் காலனியின் தெருக்களையும் அவற்றின் பெயர்களையும் படிப்பகத்தையும் அம்பேத்கர் சிலையையும் அதில் ஏற்றுங்கள். வரைபடத்தில் இல்லாத தெருவுக்கு ஆம்புலன்சும் வழி தெரியாமல்தான் வரும்.

எதிர்த்துச் சொல்லும் உரிமை

விமானப் போக்குவரத்து கற்றுத்தரும் மூன்றாவது பாடம்தான் மிக முக்கியமானது. மேலே இருப்பவர் தவறு செய்யும்போது கீழே இருப்பவர் வாய் திறக்க முடியாவிட்டால் எல்லோரும் சாவார்கள்.

1977 மார்ச் 27. டெனெரீஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று பொறியாளர் சந்தேகம் கேட்டார். மூத்த விமானி அதைப் பொருட்படுத்தவில்லை. நம் நாட்டில் 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். தரையிறங்க வேண்டாம், மறுபடி மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி ஒருமுறைக்கு மேல் சொன்னதை விசாரணை பதிவு செய்திருக்கிறது. கேப்டன் கேட்கவில்லை.

இத்தகைய விபத்துகளிலிருந்து உலக விமானத் துறை ஒரு பாடம் படித்தது. சிஆர்எம் என்ற பயிற்சியைக் கட்டாயமாக்கியது. இளையவர் துணிந்து சொல்ல வேண்டும், மூத்தவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இது நல்ல பண்பு என்பதற்காகச் சொல்லித்தருவதல்ல, உயிர் காக்கும் விதிமுறை.

மையத்தில் இரண்டு பேராகத்தான் பறக்கிறோம். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் சரிபார்ப்புப் பட்டியலைப் படிப்பார். இரண்டாமவர் 'வேண்டாம், மேலே ஏறு' என்று சொல்லிவிட்டால் ஓட்டுகிறவர் விவாதிக்கக் கூடாது, ஏற வேண்டும். கல்லூரி அண்ணன் ஓட்டும்போது ஏழாம் வகுப்புப் பையன் அதைச் சொல்கிறான். முதல் வாரம் அவன் குரல் வெளியே வரவே இல்லை. இப்போது வருகிறது. ஐயாவுக்கு முன் கைகட்டி நில், எதிர்த்துப் பேசாதே என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்படுத்தப்பட்ட சமூகத்துக்கு இது எவ்வளவு பெரிய பயிற்சி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

வீட்டுச் சிமுலேட்டர் உரிமம் தராது

இவ்வளவு சொன்னதால் சிமுலேட்டர் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக் கணினியில் ஆயிரம் மணி நேரம் பறந்தாலும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கணக்கில் அது பூஜ்யம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் உண்மையாகப் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே விமானத்தின் பொறுப்பில் இருந்து பறந்திருக்க வேண்டும். அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமியிலேயே கட்டணம் 40 லட்சம் ரூபாய்க்கு மேல். தனியார் பள்ளிகளில் இன்னும் அதிகம். அதற்குப் பிறகு குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சிக்கு மேலும் பல லட்சம்.

உதவித்தொகை இல்லையா? காகிதத்தில் இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் வணிக விமானி பயிற்சி முதல் பிரிவிலேயே இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வருமானம் உள்ள வீடு, பணம் பின்னால் வரும் என்று நம்பி முன்கூட்டியே எத்தனை லட்சம் கட்ட முடியும்? உயர்தரக் கல்வித் திட்டத்தில் ஒரு காலத்தில் தனியார் ஃப்ளையிங் கிளப்புக்கு ஆண்டுக்கு 3.72 லட்சம் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 40 லட்சத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள்.

தாட்கோ விமான நிலையப் பணிகளுக்கும் விமானப் பணிப்பெண் வேலைக்கும் பயிற்சி கொடுக்கிறது. வரவேற்கிறோம், அதில் சேர்ந்த நம் பெண்களை வாழ்த்துகிறோம். ஆனால் அரசின் கனவு கேபின் வரைக்கும் வந்துவிட்டுக் காக்பிட் கதவுக்கு வெளியே ஏன் நின்றுவிடுகிறது?

வேலைக் கதவும் சுருங்கிவருகிறது. ஏர் இந்தியா பொதுத்துறையில் இருந்தவரை அங்கே இடஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரி 27 அன்று அது டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அதன்பின் எடுக்கப்படும் ஆட்களுக்கு இடஒதுக்கீடு இல்லை. மற்ற தனியார் நிறுவனங்களில் எப்போதுமே இல்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு என்று நாம் கேட்பது எவ்வளவு நியாயம் என்பதற்கு வானமே சாட்சி.

உள்ளே போனால் மட்டும் முடிந்துவிடுமா? 2025 ஜூனில் பெரிய தனியார் விமான நிறுவனம் ஒன்றின் பயிற்சி விமானி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுத்தார். நீ விமானம் ஓட்டத் தகுதியில்லை, போய்ச் செருப்பு தை என்ற பொருளில் குருகிராம் அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரிகள் தன்னைப் பேசியதாக அவர் சொன்னார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். எதிர்த்துச் சொல்லும் உரிமையை உயிர் காக்கும் விதியாக வைத்திருக்கிற துறையில்கூட இப்படியொரு புகார் வருகிறது என்றால், விமானம் மேலே ஏறியதும் சாதி தரையிலேயே நின்றுவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

ஆனாலும் போகிறவர்கள் போகிறார்கள். 2019-இல் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்திலிருந்து ஓர் ஆதிவாசிப் பெண், காவலர் ஒருவரின் மகள் அனுப்பிரியா லக்ரா, தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானி ஆனார். நாடே கொண்டாடியது. ஒருவர் போனதையே செய்தியாக்கிக் கொண்டாட வேண்டியிருப்பதுதான் நிலைமை.

என்ன செய்யலாம்?

மாணவர்களுக்கு முதலில். பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் எடுப்பது என்ற முடிவு நம் வீடுகளில் விவரம் தெரியாமலே எடுக்கப்படுகிறது. வணிக விமானி உரிமத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். ஏற்கெனவே வேறு குரூப் படித்துவிட்டவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களையும் எழுதலாம். மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயது போதும். விமானி மட்டுமே வழி என்றும் இல்லை. விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஆகலாம். இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆகலாம். அது பொதுத்துறை, அங்கே இடஒதுக்கீடு உண்டு, இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரியும் எழுதலாம். தேர்வு அறிவிப்பைப் பார்த்து நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள்.

படிப்பகம் நடத்துகிற தோழர்களுக்கு. எங்களைப் போல ஆட்-ஆன் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் முழுக்க இலவசம், திறந்த மூலம். சாதாரணக் கணினியிலும் ஓடும். அதில் வரும் செஸ்னா 172பி விமானத்திலும் கயிறு அவிழ்ப்பது, எண்ணெய் பார்ப்பது, எரிபொருளை வடித்துப் பார்ப்பது எல்லாம் உண்டு. அம்பேத்கர் படத்துக்குக் கீழே ஒரு கணினி போதும்.

அரசுக்கு நம் கோரிக்கை மூன்று. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் சிமுலேட்டரோடு கூடிய ஆய்வகம் வேண்டும். விமானி பயிற்சிக்குத் தேர்வாகும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் முழுக் கட்டணத்தையும் அரசே பயிற்சிப் பள்ளிக்கு நேரடியாக, முன்கூட்டியே கட்ட வேண்டும். விமானப் பயிற்சிப் பள்ளிகளிலும் நிறுவனங்களிலும் எத்தனை பேர் எந்தச் சமூகப் பிரிவிலிருந்து வருகிறார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நோட்டுப் புத்தகம் கொடுப்பதை நாம் நிறுத்தப் போவதில்லை. நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளவும் போவதில்லை. யாராவது இரக்கப்பட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று கரையில் நின்ற காலம் போதும். ஆற்றை நாமே கடப்போம். அதற்கு வேண்டிய இருக்கையைக் கேட்டு வாங்குவோம்.

ஜெய் பீம்.